தென்னலையின் முதல் பாட்டு

ஊஸ்டர்
03.02.2025

மதிப்புக்குரிய தனம் அக்காவுக்கு,

கஜலக்சுமி எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். நாலு தரம் போன் எடுத்தேன். முதல் இரண்டு தரமும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். மூன்றாம் தரம் உங்கள் மகள் சந்திரமதி எடுத்து, "அம்மா குளிக்கிறா" என்றாள். நாலாம் தரமும் நீங்கள் குளித்துக்கொண்டுதான் இருந்தீர்களாம். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் பேத்தி மிதுஷா எங்களுக்கு எழுதியிருக்கிறாள். மே 24ஆம் திகதி உங்கள் துன் நகரில் தன் கலியாணம், சாப்பாடு முடிந்ததும் பின்னேரம் முழுவதும் தென்னலை இசைக்குழுதான் வாசிக்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று. அவளுக்கு இருபத்தெட்டு வயது. அவள் பிறக்கும்போதே தென்னலைக்கு ஒன்பது வயது.

குகநாதன் அண்ணையிடம் சொன்னேன். எழுபத்தொன்றாகியும் கீபோர்ட் அவர்தான், தலைவரும் அவர்தான். கீபோர்ட் பெட்டியை மூடினார். பிறகு, "தனத்தைக் கேக்காமல் தனத்தின்ரை வீட்டுக் கலியாணத்திலை நான் பெட்டியைத் திறக்கமாட்டன். நீ கேள்" என்றார்.

"நானோ?"

"நீதான் கேக்கவேணும்."

ஏன் நான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தென்னலையின் முதல் பாடகி நீங்கள். உங்கள் இடத்தில் இருபத்தேழு வருடமாக நின்று பாடுகிறவள் நான்.

நீங்கள் வரட்டும் என்றால் வருவோம். வேண்டாம் என்றால், அன்றைக்கு வேறு இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுவோம். உங்கள் பெயர் அடிபடாது.

என் கணவர் சிவலிங்கம் போன வருடம் தை மாதம் தவறிப்போனதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண்டுத்திவசம் போன கிழமைதான் முடிந்தது. இப்போது ட்ரம்ஸ் அடிப்பது எங்கள் மூத்தவன் சாயிசன். நான் ஒரு வருடம் மேடை ஏறவில்லை. அடுத்த மாதம்தான் திரும்பப் பாடப் போகிறேன்.

திட்டி எழுதினாலும் பரவாயில்லை, பதில் போடுங்கள்.

அன்புடன்
கஜலக்சுமி


துன்
13 பெப்ரவரி

கஜலக்சுமிக்கு,

நான் நலம். உம்முடைய நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. நான் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருந்தால் நீரே திருத்தி வாசியும்.

முதலில் சிவலிங்கம். செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. வந்தால் உம்மைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும், அது என்னால் ஆகாது. ஆனால் செய்தி வந்த அன்று சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்றினேன். அவனுடைய கை அவசரப்படாத கை. பாடுகிறவள் மூச்சு எடுக்க இடம் விட்டு அடிப்பான். அந்த விளக்கு அவனுக்கு. உமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உம்முடைய கேள்வி.

எண்பத்தேழாம் ஆண்டு கார்த்திகை மாதம். இந்தத் துன்னுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், அதற்கு அடியில் நிலவறை மாதிரி ஒரு பங்கர். ஊரில் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தோம். குண்டே விழாத நாட்டுக்கு வந்தால், அகதி என்று இங்கேயும் பங்கருக்குள்தான் படுக்க விட்டார்கள். அறுபது பேர். யன்னல் இல்லை. குகன் பழஞ்சாமான் கடையில் ஒரு சின்னக் கீபோர்ட் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். அதில் மூன்று கட்டை வேலை செய்யாது. அந்த மூன்று சுரமும் வராமல் ஒரு பிள்ளையார் பாட்டுக் கட்டினான். சிவலிங்கம் பெயின்ற் வாளியைக் கவிழ்த்து வைத்து அடித்தான். பாடத்தான் ஆள் இல்லை. எல்லாருக்கும் வெட்கம். நான் பாடினேன். என்னுடைய மனுசன் மகேந்திரன் கதவடியில் நின்று யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

வந்தான், பங்கருக்குப் பொறுப்பான தாடிக்காரன். சத்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தான். பிள்ளையார் பாட்டு முடிந்து, ஆட வைக்கிற பைலா தொடங்கியது. இரண்டாவது பைலாவில் அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆடினான். அதுதான் தென்னலை பிறந்த நாள். அந்தப் பிள்ளையார் பாட்டை முதல் பாட்டாகப் பாடாமல் மற்றப் பாட்டு இல்லை என்பது அன்றைக்கே வைத்த விதி. நீர் அப்போது இந்த நாட்டில் இல்லை.

பிறகு பத்து வருடம். கோட்டுக்குள்ளே சேலை, சேலைக்குக் கீழே பனிச்சப்பாத்து, பைக்குள்ளே செருப்பு. கிழமையில் ஐந்து நாள் ஏரிக்கரை ஹோட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடிப்பேன். அந்த ஆவிக்குள் நின்றுதான் பாட்டைப் பாடிப் பார்ப்பது. சனிக்கிழமை ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு விழா ஹோல். வந்திருக்கிற சனம் முழுக்க நிலம் துடைத்தும் கோப்பை கழுவியும் வந்த சனம். சிவலிங்கத்தின் கை விழுந்தால் அந்த இடுப்பெல்லாம் நிமிரும். எத்தனை இடுப்பை நிமிர்த்தியிருப்போம் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றேழில் மகேந்திரன் போனார். ஒரு வருடம் நான் பாடவில்லை. ஆண்டுத்திவசம் முடித்து, தொண்ணூற்றெட்டு மே மாதம் பதினாறாம் திகதி சனிக்கிழமை, பாடனில் பத்மினியின் மகள் பெரியபிள்ளையாகி அவளுக்குச் சாமத்தியச் சடங்கு. நான் நாவல் நிறச் சேலை. நீர் மஞ்சள், சிவப்புக் கரை. விளக்கேற்றிவிட்டார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். குகன் மைக்கை எடுத்தான். எனக்குத் தரவில்லை, உமக்குத் தந்தான். நீர் வாங்கினீர். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் அடி பாடினீர்.

கோட்டை எடுக்கவும் மறந்து மழையில் ஸ்டேசனுக்கு நடந்தேன். இரண்டு இடத்தில் ரயில் மாறி வீடு வந்தேன். எட்டு நாள் கழித்துக் கோட்டு பார்சலில் வந்தது. உள்ளே ஒரு வரி எழுதின துண்டுகூட இல்லை.

பதில்: வேண்டாம்.

தனலட்சுமி

அவசரம் ஒன்றும் இல்லாதபடியால் இதை மெல்லப் போகிற பி போஸ்டில்தான் போடுகிறேன்.


ஊஸ்டர்
20.02.2025

தனம் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே செய்வோம். சனிக்கிழமை மிதுஷாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவள் என்ன எழுதியிருந்தாள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜேர்மன் பாதி, தமிழ் பாதியாக எழுதியிருந்தாள். சின்ன வயதில் தாய் தகப்பனோடு எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வந்தால், இரண்டு கதிரையைச் சேர்த்துப் போட்டு மேலே கோட்டால் மூடிப் படுக்க வைப்பார்களாம். ட்ரம்ஸ் சத்தம் கதிரைக்கால் வழியாக முதுகுக்குள் வருமாம். "எனக்கு நித்திரை எண்டால் அந்தச் சத்தம்தான்" என்று எழுதியிருந்தாள். சிநேகிதிகள் எல்லாரும் டீஜே பிடிக்கிறார்களாம். "டீஜே பாட்டைப் பார்க்கிறார், குகன் மாமா ஆக்களைப் பார்க்கிறார்" என்றும் எழுதியிருக்கிறாள்.

அது உண்மைதான் அக்கா. எந்த மேசையில் முழங்கால் நோவோடு ஒரு மனுசி எழும்பப் பார்க்கிறா என்று கண்டால் அண்ணை வேகத்தைக் குறைப்பார். பத்து வருடம் முகம் பாராத அண்ணன் தம்பி ஒரே ஹோலில் இருந்தால், இரண்டு பேருக்கும் பிடித்த பாட்டைத் தேடி எடுப்பார். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பாதி விளங்காது. ஆனால் கச்சான் பைலா தொடங்கினால் ஒருவரும் கதிரையில் இல்லை. முப்பத்தெட்டு வருடம். குழு பழசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கூப்பிடுகிறார்கள்.

எந்த ஹோலில் தென்னலை என்று தெரிந்தால் நீங்கள் அங்கே வரமாட்டீர்கள். இருபத்தேழு வருடத்தில் எத்தனை கலியாணத்தை விட்டிருப்பீர்கள் என்று யோசித்திருக்கிறேன்.

பாடனில் நடந்தது நடந்துவிட்டது. சடங்கு வீட்டுக்காரர் வந்து, கணவன் இல்லாதவ மங்கல காரியத்தில் முதல் பாட்டுப் பாடக்கூடாது என்று அண்ணையிடம் சொல்லிவிட்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கோட்டை அனுப்பியது சிவலிங்கம்தான். என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மணித்தியாலம் பேனையோடு இருந்துவிட்டு அப்படியே கட்டினார்.

கஜலக்சுமி


துன்
3 மார்ச்

கஜலக்சுமிக்கு,

நீர் சனிக்கிழமை போன் எடுத்துச் சொன்னீர், திங்கட்கிழமையே மிதுஷா வந்து நின்றாள். பேர்னில் இருந்து, வேலைக்கு லீவு போட்டுவிட்டு. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஆச்சி, நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

"உனக்கு ஒரு வயசிலை நடந்த விஷயம் அது."

"எனக்கு ஒரு வயசிலை நடந்ததுக்கு இருபத்தெட்டு வயசிலை தண்டனையோ?"

பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன். அவள் டெலிபோனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கச்சான் பைலாவைப் போட்டாள். போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என் காலைப் பார்த்தாள்.

"ஆச்சி, உங்கடை கால் உங்களைக் கேக்காமல் ஆடுது."

அந்தப் பிள்ளைக்குப் பைலா ஆடப் பழக்கினவள் நான்தான். உமக்குத் தெரியாது. தொண்ணூற்றைந்தில் தென்னலை அடித்த கசெற் என்னிடம் இருக்கிறது. சந்திரமதி வேலைக்குப் போன பின், இந்த அடுப்படிக் குசினிக்குள் அந்தக் கசெற்றைப் போட்டுத்தான் அவளுக்குச் சோறு தீத்துவேன். பகை மனுசரோடு. பாட்டு என்னுடையது, அதை நான் ஏன் விட வேண்டும். முதல் பாட்டு மட்டும் அதில் இல்லை. அது விளக்குக்கு முன்னால் பாடுகிற பாட்டு, கசெற்றில் போடக்கூடாது என்று குகன் விடவில்லை.

சாப்பிடாமல் போய்விட்டாள். பருப்பு அப்படியே இருந்தது.

இப்போது உமக்கு ஒன்று சொல்ல வேண்டும். உம்முடைய கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்துப் பத்மினி பலகாரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, ஏன் பாடாமல் போனனீங்கள்? நீங்கள் பாடுவியள் எண்டுதானே நான் விளக்கேத்தினனான்" என்று கேட்டு அழுதாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

உண்மை என்ன என்று உமக்குத் தெரியும். எழுதும். அதைக் கண்ட பிறகு தென்னலை வருவதா இல்லையா என்று சொல்கிறேன். எழுதாவிட்டால் என் பேத்தியின் கலியாணத்தில் டீஜே பாடட்டும்.

தனலட்சுமி


ஊஸ்டர்
14.03.2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்து ஐந்தாம் நாள், மார்ச் எட்டாம் திகதி, இங்கே ஊஸ்டரில் ஒரு சாமத்தியவீடு. ஒரு வருடத்துக்குப் பிறகு என் முதல் நிகழ்ச்சி. அதைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது.

பச்சைச் சேலை கட்டினேன். கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்று சின்னப் பொட்டாக ஒன்று வைத்தேன். ஹோலுக்குப் போனேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாரும் கையைப் பிடித்துக் கதைத்தார்கள். விளக்கேற்றினார்கள். நான் மைக்கடிக்குப் போனேன். குகன் அண்ணை எழும்பி வந்து என் தோளைத் தொட்டார். "கஜா, கனநாளைக்குப் பிறகு பாடுறாய், களைச்சுப் போவாய். நீ மூண்டாம் பாட்டிலையிருந்து பாடு, என்ன?" என்றார். பாசமாகத்தான் சொன்னார். மைக்கை ஜெனனிக்குக் கொடுத்தார். ஜெனனி கோரஸ் பாடுகிற பிள்ளை, இருபத்துநாலு வயது, போன ஆவணியில் கலியாணம் கட்டினவள். அவள் மைக்கை வாங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ட்ரம்ஸில் என் மகன். அவனும் குனிந்துகொண்டான்.

கூட்டுகிற தடி நிற்கிற மூலையில் போய் நின்றேன். அங்கே நிற்கும்போதுதான் உங்களுக்கு எழுதிய பொய் எனக்குள்ளே நாறத் தொடங்கியது.

வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சனம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான். ஆறு வருடம் உங்களுக்குப் பின்னால் இரண்டாவது மைக்கில் கோரஸ் பாடினேன். நீங்கள் மூச்சு எடுக்கிற இடத்தில் நானும் எடுப்பேன். மகேந்திரன் அண்ணை தவறிய வருடம் அந்த முதல் பாட்டு என் கைக்கு வந்தது. ஒரு வருடம் பாடினேன். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அன்று மேடைக்குப் பின்னால் அண்ணையிடம் போய், "தனம் அக்கா முதல் பாட்டுப் பாடினால் சனம் கதைக்கும் அண்ணை. அவவுக்குத்தான் அவமானமாப் போயிடும்" என்று சொன்னேன். உங்கள்மேல் இரக்கப்படுகிறவள் மாதிரிச் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். சிவலிங்கத்துக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

ஆசைதான். வேறு காரணம் இல்லை.

நான் அன்று கண்டுபிடித்துச் சொன்னது குழுவுக்கு விதியாகிவிட்டது. இப்போது யாரும் சொல்லாமலே நடக்கிறது.

உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு எங்களை நீங்கள் கூப்பிட்டாலும் முதல் பாட்டு ஜெனனிதான் பாடுவாள். பிள்ளையின் மங்கல நாளில் ஒரு குறையும் வராது. அதை நினைத்து யோசிக்க வேண்டாம்.

கஜலக்சுமி


துன்
18 மார்ச்

கஜா,

நேற்று வந்த கடிதத்துக்கு இன்றைக்கே எழுதுகிறேன். இதை நாளைக்கே சேருகிற ஏ போஸ்டில் போடப் போகிறேன், முத்திரை வாங்கியாயிற்று.

நீ எழுதினது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். மேடைத் திரைக்குப் பின்னால் நீ குகனோடு கதைக்கும்போது நான் அடுத்த பக்கத்தில் பெட்டிமேல் இருந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நீ "அவமானமாப் போயிடும்" என்று சொன்னது சரி. அதற்கு முன்னால் "பாவம் மனுசி" என்றும் சொன்னாய். அதை எழுத மறந்துவிட்டாய்.

குகனோடு எனக்குக் கோபம், அது கொஞ்சம். என்னைக் கேட்பான் என்று நம்பித்தான் மேடையடியில் நின்றேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். உன்னோடுதான் பெரிய கோபம். நீ வந்து சொல்வாய் என்று பார்த்தேன். ஒரு வருடம் பார்த்தேன், பத்து வருடம் பார்த்தேன். உன் மனுசன் செத்த போதும், இப்போதாவது எழுதுவாளோ என்றுதான் நினைத்தேன். இருபத்தேழு வருடமும் நான் அதற்குத்தான் காத்திருந்தேன், பாட்டுக்கு அல்ல. சொல்லிவிட்டாய். இந்தக் கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் இல்லை, தேடாதே. அது வருகிற நேரம் வரும், வராமலும் விடும்.

தென்னலை வரட்டும்.

ஆனால் ஒரு விஷயம். முதல் பாட்டு ஜெனனி பாட வேண்டாம். நீ பாடு.

இதை நான் வீட்டில் சொன்னேன். மாப்பிள்ளை லக்ஷனின் பெரியம்மா வந்திருந்தா. அவ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, கலியாண வீடல்லோ, கொஞ்சம் யோசியுங்கோ" என்றா.

"என்னத்தை யோசிக்க?"

"அவ இப்ப தனிச்சவ எல்லோ."

"நானும் தனிச்சவதான். பேத்தியின்ரை கலியாணத்துக்கு என்னையும் வரவேண்டாம் எண்டுவியளோ?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லேல்லை."

"சனம் வாறது பாட்டுக் கேக்கவோ, பாடுறவளின்ரை கழுத்தைப் பாக்கவோ?"

அவ பலகாரத்தை எடுத்துக் கடித்தா. கதை முடிந்தது. மிதுஷா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். அன்றைக்குப் பருப்பும் சாப்பிட்டாள்.

உனக்கு நடந்தது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன் கடிதத்தில் அந்தத் தடி நிற்கிற மூலை வந்த இடத்தில் சந்தோஷம் வரவில்லை.

தனம்


ஊஸ்டர்
02.04.2025

தனம் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்படியே கொண்டுபோய்க் குகன் அண்ணையிடம் கொடுத்தேன். என் வாயால் சொல்லப் பயம். திரைக்குப் பின்னால் நான் சொன்னதையும், நீங்கள் பெட்டிமேல் இருந்ததையும் அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப வாசித்தார். என்னை ஏசுவார் என்று நின்றேன். "நான் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "உன்னையும் கேட்டிருக்கலாம்" என்றார். அன்று கீபோர்ட் உறையைக்கூடத் திறக்கவில்லை.

அடுத்த நாள் போன் எடுத்தார். முதல் பாட்டு நீங்கள்தான் பாட வேண்டும் என்கிறார். அது உங்கள் பாட்டு, உங்கள் பேத்தியின் கலியாணம், நீங்கள் பாடினால் முப்பத்தெட்டு வருடமும் ஒழுங்காகிவிடும் என்கிறார். எனக்கும் அதுதான் ஆசை அக்கா. நான் உங்களுக்குப் பின்னால் இரண்டாவது மைக்கில் நிற்கிறேன். பழைய மாதிரி.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. மார்ச் எட்டுக்குப் பிறகு அந்தப் பாட்டை வீட்டில் பாடிப் பார்த்தேன். பாதியில் தொண்டை அடைக்கிறது.

கஜலக்சுமி


துன்
10 ஏப்ரல்

கஜா,

முடியாது.

என் கையில் இருந்ததை ஒருத்தி வாங்கினாள் என்று இருபத்தேழு வருடம் எரிந்தவள் நான். இன்னொருத்தியின் கையில் இருந்து வாங்கி அதை அணைக்க மாட்டேன். ஒழுங்காகிவிடும் என்று குகன் சொல்வான். அவனுக்குப் பாட்டு முடிகிற இடம் தெரியும், மனுசர் நோகிற இடம் தெரியாது.

பழைய மாதிரி நிற்க வேண்டாம். முன்னுக்கு நில். தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். அந்த நேரம் சாயிசனை இன்னும் ஒரு சுற்று அடிக்கச் சொல். அவனுடைய தகப்பன் அப்படித்தான் காப்பாற்றுவான்.

சேலை விஷயம். சாம்பல், மண், வெளிறின நீலம் ஒன்றும் வேண்டாம். அந்த மாதிரி நிறத்தில் வந்தால் வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவேன். நிறமாக ஏதாவது கட்டு. பூவும் வை. பூ பிறந்த வீட்டில் வைத்தது, மனுசன் கொண்டுவந்து தந்தது அல்ல.

நான் முன்வரிசையில் இருப்பேன். முகம் சுளிக்கிறவர்கள் என்னைத் தாண்டித்தான் சுளிக்க வேண்டும்.

தனம்


ஊஸ்டர்
27.05.2025

தனம் அக்காவுக்கு,

மூன்று நாளாகியும் கால் நோகிறது, குரல் இல்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாம்பழ நிறச் சேலையை வாசலில் பார்த்துவிட்டு நீங்கள் சரி என்று தலையை ஆட்டினீர்கள். அப்போதே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு நீங்கள் என்னோடு நேரில் கதைத்த முதல் கதை, "பூ சரியுது, பின்னைக் குத்து" என்பதுதான்.

கலியாணம் மறக்க முடியாது. மிதுஷா கூறைச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஆடினது, லக்ஷனின் பெரியம்மா முதல் ஆளாக எழும்பினது, ஹோல் காவலாளி பூட்ட வந்துவிட்டுத் திறப்புக் கோர்வையை இடுப்பில் கிலுக்கிக்கொண்டு நின்றது. அவனும் கடைசியில் ஆடினான். நீங்கள் எழும்புவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. கச்சான் பைலா முழுவதும் ஆடினீர்கள். அண்ணை வேகத்தைக் குறைத்ததற்கு மேடையைப் பார்த்து முறைத்தீர்கள். அவர் பயந்து திரும்பக் கூட்டினார்.

ஒன்றுதான் என்னை அரிக்கிறது. முதல் பாட்டு. ஒரு இடத்திலும் எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. முதல் அடி பாடும்போது உங்கள் வாயும் என்னோடு சேர்ந்து அசைந்தது, கண்டேன். இரண்டாம் அடியில் நின்றுவிட்டது. நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு தலையைக் குனிந்தீர்கள். பாட்டு முடியும் வரை நிமிரவில்லை. பிறகு படம் எடுக்கக் கூப்பிட்டபோதும் உங்களைக் காணவில்லை, வெளியே ஏரிப்பக்கம் போய் நின்றீர்கள் என்று சந்திரமதி சொன்னாள்.

நான் என்ன பிழை விட்டேன்? சுரமோ, சொல்லோ? இல்லாவிட்டால் என்னைப் பாட விட்டது தாங்க முடியவில்லையோ? எதுவென்றாலும் எழுதுங்கள்.

கஜா


துன்
1 ஜூன்

கஜா,

நீ பிழை விடவில்லை. நன்றாகப் பாடினாய். என்னைவிட ஒரு இடத்தில் நன்றாகவே பாடினாய், அது எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

நான் தலையைக் குனிந்ததற்குக் காரணம் வேறு. உன்னோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தேன். முதல் அடி தானாக வந்தது. இரண்டாம் அடி வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை. உன் வாயைப் பார்த்தேன், நீ பாடுவதைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று. அதுவும் முடியவில்லை. பங்கருக்குள் அறுபது பேருக்கு முன்னால் முதன்முதல் பாடினவள் நான். பத்து வருடம் பாடினேன். முன்வரிசையில் இருந்துகொண்டு, அந்தப் பாட்டு எனக்குப் புதுப்பாட்டு மாதிரிக் கேட்டேன்.

ஏரிக்கரையில் நின்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்தும் பார்த்தேன். குசினிக்குள் நின்று பார்த்தேன். பாடனில் அன்றைக்கு யார் யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, ரயில் எந்த மேடையில் வந்தது, பார்சல் சுற்றின பேப்பர் என்ன நிறம், எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எடுத்துத் துடைத்து வைத்தேன், அதனால் இருக்கிறது. பாட்டை எடுக்கவில்லை. அது இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இதைச் சந்திரமதிக்கோ மிதுஷாவுக்கோ சொல்லவில்லை. குகனுக்கும் சொல்லாதே.

இரண்டாம் அடியை எழுதி அனுப்பு. பெரிய எழுத்தில் எழுது. மூச்சு எடுக்கிற இடத்தில் ஒரு கோடு போடு.

தனம்